எடைக்குப் போடுவது

சென்னையில் வீடு மாற்றுகிறவர்கள் லாரிக்குச் சொல்வதற்கு முன் பழைய பேப்பர்காரருக்குச் சொல்லிவிடுவது நல்லது. மீன்பாடி வண்டியோடு வந்து கூடத்தில் உட்கார்ந்தாரென்றால் வீடு பாதி இளைத்துவிடும். நாளிதழ் ஒரு விலை, நோட்டுப் புத்தகம் ஒரு விலை, அட்டைப்பெட்டி ஒரு விலை. ஆங்கிலப் பேப்பருக்குத் தனிக் கட்டு. கிலோவுக்குக் கொஞ்சம் கூடக் கிடைக்கும்.

எனக்குப் பிடித்தது அவர் உலோகம் பார்க்கும் அழகு. சட்டைப் பையில் ஒரு காந்தம். பாத்திரத்தில் வைப்பார், ஒட்டாமல் நழுவினால் நல்ல எவர்சில்வர். பளபளக்கும் பழைய குழாயைப் பித்தளை என்று பெருமையாக நீட்டினால், அரத்தால் ஓரத்தில் ஒரே இழுப்பு. முலாமுக்குக் கீழே மஞ்சள் தெரிய வேண்டும். சாம்பல் தெரிந்தால், “இது பித்தளை இல்லம்மா” என்று வேறு கோணிக்குப் போய்விடும். ஓடாத ஃபிரிட்ஜுக்கும் காசு தருவார். கம்ப்ரஸருக்குள் செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறதே! இத்தனை தெரிந்தவரிடம் தராசு முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது என்பதும் உண்மைதான்.

கிழிந்த சோபாவையும் மக்கிய மெத்தையையும் பார்த்தால் மட்டும் கையை விரித்துவிடுவார். அவற்றுக்கு மாநகராட்சியிடம் பதிந்து வைக்க வேண்டும். 2025 முதல் சனிக்கிழமைகளில் வந்து எடுத்துப் போகிறார்கள். பேரம் கிடையாது.