மகன் என்றொரு பெயர்

மஜீத் மஜீதியின் ‘பாரான்’ (2001) படத்தை மறுபடி பார்த்தேன். டெஹ்ரானில் கட்டடத்திலிருந்து விழுந்து கால் முறிந்த ஆப்கானிய அகதிக்குப் பதிலாக அவர் மகள், ரஹ்மத் என்ற பையனாக வேலைக்கு வருகிறாள். சிமெண்ட் மூட்டை தூக்க முடியவில்லை. தேநீர் போடவும் சமைக்கவும் விடுகிறார்கள். ஆண்வேடத்திலும் அடுப்படிதான். அந்த வேலையும் போனபின் அவளே, பெண்ணாகவே, ஆற்றில் கல் சுமக்கிறாள். ஆக, மகன் என்பது பலமல்ல, வாசலுக்குள் விடும் ஒரு பெயர். (கையெழுத்தையும் பெயரையும் ஒப்பிட்டே காலந்தள்ளும் எனக்கு இது உறைக்கிறது.)

இவ்வளவு கண்ட மஜீதி அவளுக்கு ஒரு வசனம்கூடத் தரவில்லை. நண்பர்கள் இதைக் கவித்துவம் என்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. அவளைக் காதலிக்கும் ஈரானிய இளைஞன் லத்தீஃப் உயர்ந்து தெரிய அவள் வாயடைக்கப்பட்டிருக்கிறாள். கடைசியில் புர்காவை இழுத்துவிட்டுப் போகிறாள். மழைநீர் நிறையும் அவள் காலடித் தடத்தையும் அவன்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.