வெறும் பானையும் பொங்கலோ பொங்கலும்

டொராண்டோவுக்கு வந்து இது எனக்கு ஒன்பதாவது பொங்கல். போன சனிக்கிழமை ஒரு விழாவுக்குப் போயிருந்தோம். ஜன்னலே இல்லாத பெரிய மண்டபம். மேடையில் கோல ஸ்டிக்கர், பிளாஸ்டிக் வாழைமரம், வர்ணம் பூசின பானை. பிற்பகல் மூன்று மணிக்கு எல்லாரும் சேர்ந்து 'பொங்கலோ பொங்கல்' என்று கத்தினோம். பானைக்குள்ளே ஒண்ணும் இல்லை. சர்க்கரைப் பொங்கல் அலுமினியத் தட்டுகளில் ஏற்கெனவே வந்து இறங்கியிருந்தது. என் மகள் எட்டிப் பார்த்துட்டு, "இதுல எதுப்பா பொங்குது?" என்றாள். எனக்குப் பதில் வரலை. அதைத்தான் இங்கே யோசிச்சுப் பார்க்கிறேன்.

விழா நடத்துறவங்களைக் குறை சொல்ல இதை எழுதலை. வேலை நாளில் யாருக்கும் லீவு கிடையாது. சனிக்கிழமைதான் நாலு பேரைப் பார்க்க முடியும். அங்கேதான் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் மூலம், நாங்க மாட்டுப் பொங்கல் என்பதை அவங்க பட்டிப் பொங்கல் என்பாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டேன். அந்தக் கூட்டம் வேணும். என் கேள்வி, அது எதை நகர்த்திட்டு வந்து உட்கார்ந்தது என்பதுதான்.

ஒன்டாரியோ மாநிலம் 2014-லும் கனடா நாடாளுமன்றம் 2016-லும் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக அங்கீகரித்தன. ஜனவரியைத் தேர்ந்ததற்குப் பொங்கலே முக்கியக் காரணம். இது சின்ன விஷயமில்லை. ஆனால் அதோடு விழாவின் முகம் திரும்பிவிட்டது. சூரியனைப் பார்த்து வைத்த பானை, இப்போ விருந்தினரைப் பார்த்து நிற்கிறது. கும்பிடுகிற நாள், நம்மை விளக்கிச் சொல்கிற நாளாகிவிட்டது.

அந்த விளக்கமாவது சரியா இருக்கணும். 'இன்று சூரியன் வடக்கே திரும்புகிறது' என்று மேடையில் சொன்னாங்க. வானியல்படி அந்தத் திருப்பம் டிசம்பர் 21 வாக்கிலேயே நடந்துடுது. நம் பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்து ஆண்டைக் கணக்கிடுகிறது. பருவங்களின் ஆண்டைவிட அது சுமார் 20 நிமிடம் நீளம். அதனால் ஏறத்தாழ 72 வருஷத்துக்கு ஒரு நாள் வீதம் மகர சங்கராந்தி பருவத்தைவிட்டுத் தள்ளிப் போகிறது. தை முதல் தேதிக்குள் டொராண்டோவின் பகல் ஏற்கெனவே 20 நிமிடம் போல வளர்ந்திருக்கும். இதைச் சொன்னால் பண்டிகை ஒண்ணும் குறைஞ்சுடாது.

'இங்கே ஏது அறுவடை, பனியில் எதுக்குப் பொங்கல்?' என்று கேட்கிறவங்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. சென்னை அடுக்குமாடியில் பொங்கல் வைக்கிறவர் மட்டும் நெல்லா அறுத்தார்? யாரோ அறுத்த அரிசிக்கு நன்றி சொல்ல வயல் பக்கத்தில் இருக்கணும்னு இல்லை. சொல்லப்போனால், தூரதேசத்துக்கு எடுத்துட்டு வர இதைவிட லேசான பண்டிகை கிடையாது. ஒரு பானை, அரிசி, பால், வெல்லம், கிழக்கு. சூரியன் இங்கேயும் இருக்கிறது. அதையே ஜன்னல் இல்லாத மண்டபத்துக்கு வெளியே விட்டுட்டோம் என்பதுதான் என் வருத்தம்.

நானும் யோக்கியன் இல்லை. அம்மாவின் போன் இங்கே 13-ஆம் தேதி ராத்திரி எட்டு மணிக்கு வரும். ஊரில் அப்போதான் விடிஞ்சிருக்கும். "பால் பொங்கிச்சா?" என்பாள். பல வருஷம் "ஆச்சும்மா" என்று பொய் சொல்லியிருக்கேன். அடுப்பில் பால் வழிந்தால் தீய்ந்துபோகும், புகை அலாரம் அலறும் என்று விளிம்புக்கு வரும்போதே இறக்கிவைத்தவன் நான். பொங்கவிடாத பொங்கல்! மண்டபத்துப் பானைக்கும் என் பானைக்கும் பெரிய வித்தியாசமில்லை.

இந்த வருஷம் அம்மாவிடம், "இங்கே இன்னும் விடியலம்மா, காலையில்தான்" என்று உண்மையைச் சொன்னேன். "அதுவும் சரிதான், உங்க சூரியன் வரட்டும்" என்றாள். காலை ஏழே முக்காலுக்கு மகளைத் தூக்கி நிறுத்தினேன். எங்க அடுப்படி மேற்குப் பக்கம். வெளியே மேகம், சூரியன் தெரியவே இல்லை. பால் வழிந்தது, அலாரமும் அடித்தது. அவள் காதைப் பொத்திக்கொண்டே கத்தினாள், 'பொங்கலோ பொங்கல்!'

சனிக்கிழமையும் போனோம். அந்த வெறும் பானையைப் பார்த்து அவள் அந்தக் கேள்வியைக் கேட்டது, இதைப் பார்த்திருந்ததால்தான்.