ஒருமுனை மின்சாரத்தில் இரண்டு குதிரைச் சக்தி

பஞ்சர் கடைக்காரரும் தச்சுப் பட்டறைக்காரரும் வர்ணம் அடிப்பவரும் ஒருங்கே விரும்பி வாங்குகிற, நூறு லிட்டர் டேங்கின் மீது இரண்டு குதிரைச் சக்தி மோட்டாரையும் பெல்ட்டையும் ஏற்றி வைத்த ஒருமுனைக் கம்ப்ரஸரைப் பற்றி அபிப்பிராயம் சொல்லப் புகுகிறவர்கள், அது எத்தனை நிமிஷத்தில் நிரம்புகிறது, எவ்வளவு சப்தம் போடுகிறது என்பவற்றோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். ஆனால் நம் பக்கத்தில் அதை வாங்கியவர் கேட்கிற கேள்வி வேறு: சுவிட்சைப் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடுகிறதே, ஏன்? ஆகையால் அந்தக் கேள்வியையே உரைகல்லாக வைத்துக்கொண்டு, கடலூர் முதுநகரில் ஒரு பட்டறையிலும், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர் எல்லாம் தாண்டிச் சிதம்பரத்துக்கு அப்பால் வயலோரத்தில் உள்ள ஒரு கொட்டகையிலும் இந்த யந்திரத்தை ஓட்டிப் பார்த்தேன்.

முதுநகரில் அது மரியாதையாகவே நடந்துகொண்டது. 90 பவுண்டில் புறப்பட்டு 120 பவுண்டில் நின்றது. நின்ற மறுகணம் பிரஷர் சுவிட்சின் அடியிலிருந்து ‘புஸ்’ஸென்று காற்று வெளியேறி, இரண்டொரு விநாடியில் அடங்கியது. இந்த அற்ப ஒலியைக் காதுகொடுத்துக் கேட்பது மிக அவசியம். ஏனெனில் பம்ப்பின் தலைக்கும் டேங்குக்கும் இடையிலுள்ள குழாயில் அகப்பட்ட காற்றை வெளியே விட்டு, அடுத்த முறை பிஸ்டன் பாரமின்றி எழும்படி செய்கிற அன்லோடர் வால்வு தன் காரியத்தை முடித்துவிட்டது என்பதற்கு அதுவே அத்தாட்சி. ஒலியே எழாவிட்டால் அந்த வால்வு இறுகிக் கிடக்கிறது, அல்லது அதற்குச் செல்லும் சிறு குழாய் அடைபட்டிருக்கிறது. ஒலி எழுந்து ஓயாமல் நீடித்தாலோ, டேங்கின் வாயிலில் உள்ள நான்-ரிட்டர்ன் வால்வு சரியாக மூடாமல் உள்ளே போன காற்று திரும்பி வந்துகொண்டிருக்கிறது. அதைக் கழற்றினால் தட்டில் கரியோ துருத்தூளோ ஒட்டியிருப்பதைப் பெரும்பாலும் காணலாம். கழற்றுமுன் மின்சாரத்தைத் துண்டித்து டேங்கை முற்றும் காலி செய்துவிட வேண்டும் என்பதைச் சொல்லாமல் விடுவது பாபம். இவ்விரு கோளாறுகளில் எது இருந்தாலும், மேட்டில் பாரவண்டியை நிறுத்திவிட்டு மாட்டை அதட்டுவது போல, முழு அழுத்தத்தையும் எதிர்த்துப் புறப்படும்படி மோட்டாரை நிர்ப்பந்திக்கிறோம்.

கொட்டகையில் நிலைமை மாறியது. காலி டேங்கோடு எப்படியோ புறப்பட்டுவிட்ட யந்திரம், 90 பவுண்டில் மீண்டும் புறப்பட வேண்டிய வேளையில் ‘ம்ம்’ என்று உறுமி, பெல்ட் அரைச் சுற்றுச் சுற்றுவதற்குள் பிரேக்கரைத் தள்ளிவிட்டது. புஸ்ஸொலி குறைவின்றிக் கேட்டிருந்தபடியால் வால்வுகளைச் சந்தேகிக்க இடமில்லை. உடனிருந்த வயர்மேன், “சார், பதினாறைக் கழட்டிட்டு முப்பத்திரண்டு போட்டுடலாம், அப்புறம் விழவே விழாது” என்றார். விழாதுதான், ஆனால் பிரேக்கர் காப்பாற்ற வேண்டிய மெல்லிய ஒயர் சுவருக்குள்ளேயே உஷ்ணமேறி உருகும்.

பார்க்க வேண்டியது பிரேக்கரின் மேல் எண்ணுக்கு முன்னால் அச்சிட்டிருக்கும் எழுத்தை. ஓடும்போது ஏறக்குறைய 11 ஆம்பியர் இழுக்கும் இந்த மோட்டார், புறப்படும் கணத்தில் அதைப்போல் ஆறு மடங்கு, அதாவது 66 ஆம்பியர் வரையில் கேட்கிறது. பிரேக்கருக்குள் உஷ்ணத்தால் மெல்ல வளையும் ஈருலோகத் தகடு ஒன்றும், திடீர்ப் பெருக்கைக் கண்டதும் வெட்டிவிடும் காந்தச் சுருள் ஒன்றும் காவல் இருக்கின்றன. அந்தக் காந்தச் சுருள், பிரேக்கரின் மேலுள்ள எண்ணைப்போல் ‘பி’ வகையில் 3 முதல் 5 மடங்கிலும், ‘சி’ வகையில் 5 முதல் 10 மடங்கிலும் வெட்டும். பி-16 என்றால் 48 முதல் 80 ஆம்பியருக்குள் விழுந்துவிடலாம். சி-16 என்றால் 80 வரையில் பொறுத்துக்கொள்ளும். கொட்டகைப் பலகையில் இருந்தது வீட்டு விளக்குகளுக்கென்று போட்ட ‘பி’.

அதை ‘சி’யாக மாற்றிய பின்பும் உறுமல் முற்றும் தீரவில்லை. காரணம், முப்பது மீட்டர் நீளத்துக்கு இழுத்து வைத்திருந்த 1.5 சதுர மில்லிமீட்டர் எக்ஸ்டென்ஷன் ஒயர். போக வர அறுபது மீட்டரில் அதன் தடை ஏறக்குறைய 0.73 ஓம்; புறப்படும் வேளையில் 40 வோல்ட் வரையில் அதிலேயே கரைந்துவிடும். 230 வோல்ட் 190 ஆகக் குறைந்தால் மோட்டாரின் முறுக்குவிசை மூன்றில் இரண்டு பங்குக்கு இறங்கிவிடும், ஏனெனில் அது வோல்ட்டேஜின் வர்க்கத்தை அனுசரித்தது. மாலையில் லயனே லோ வோல்டேஜில் தவிக்கிற ஊர்களில் கேட்கவே வேண்டாம். கம்ப்ரஸரை மீட்டர் பலகைக்கு அருகே நகர்த்தி, ஒயருக்குப் பதில் காற்றுக் குழாயை நீட்டியதும் உறுமல் நின்றது.

காலி டேங்கிலேயே உறுமினால் பெல்ட்டைக் கழற்றி மோட்டாரைத் தனியே ஓட்டிப் பார்க்கலாம். அப்போதும் உறுமினால் ஸ்டார்ட்டிங் கண்டென்சரோ, வேகம் எடுத்ததும் அதைத் துண்டிக்கிற சென்ட்ரிஃப்யூகல் சுவிட்சோ கெட்டிருக்கிறது. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் கண்டென்சர் ஷாக் அடிக்கும், ஜாக்கிரதை. சுவிட்சைத் தொட்ட மாத்திரத்தில் உறுமலே இல்லாமல் பிரேக்கர் விழுந்தால் ஷார்ட். விழுவது பிரேக்கர் அன்றி ஈ.எல்.சி.பி. என்றால், அது லோடைப் பற்றிய புகாரே அன்று, கசிவைப் பற்றியது. 2011 டிசம்பரில் தானே புயலையும் 2015 இறுதியில் பெருவெள்ளத்தையும் கண்ட இந்தக் கரையில், உப்புக் காற்றும் ஐப்பசி மழையும் மோட்டாரின் டெர்மினல் பெட்டிக்குள் புகுவது அபூர்வமில்லை. மெக்கர் வைத்துப் பார்த்து ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால், உலர்த்தும் வரையில் சுவிட்சைத் தொடக் கூடாது.

யந்திரத்தைப் பற்றிய என் தீர்ப்பு இது: மோட்டார் திடமானது, டேங்க் கனமானது, பிரஷர் சுவிட்ச் மட்டும் மலிவுச் சரக்கு, எந்த வகைப் பிரேக்கர், எவ்வளவு தடிமன் ஒயர் என்று கையேட்டில் ஒரு வரிகூட எழுதாதது மன்னிக்கத்தக்கதன்று. கடலூர் நகரத்துப் பட்டறைக்கு இதைத் தயங்காமல் சிபாரிசு செய்வேன். லயனின் கோடியில் இருக்கும் கிராமத்துக் கடைக்காரர், மும்முனை இணைப்புக் கிடைக்குமானால் அதே சக்தியுள்ள மும்முனை மோட்டாரை வாங்கட்டும். முனைக்குச் சுமார் மூன்றரை ஆம்பியரே இழுக்கும், கண்டென்சர் தொல்லையும் கிடையாது. கிடைக்காவிட்டால் ஒரு குதிரைச் சக்தியே போதும்: டிராக்டர் டயருக்குக் காற்றடிக்கையில் சற்றுப் பொறுமையைச் சோதிக்கும், சைக்கிளுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் தாராளம்.