கடலெல்லையும் கரையின் குரலும்

குடிகளுக்கு அளித்த வாக்கைப் பேணாத அரசு அயல்நாட்டோடு செய்யும் உடன்பாடும் குறையுடையதே என்பதற்கு மன்னார்க் கரை சான்றாகும். 1957 ஜூலை 26இல் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் கைச்சாத்திட்ட ஒப்பந்தம் பிரதேச சபைகளுக்கு வழங்கவிருந்த அதிகாரங்களுள் கடற்றொழிலும் ஒன்று. வடமாகாணம் ஒரு பிரதேசமாக அமையவிருந்தது. 1958 ஏப்ரலில் அவ்வொப்பந்தம் கைவிடப்பட்டது.

1974, 1976ஆம் ஆண்டுகளில் இலங்கையும் இந்தியாவும் கடலெல்லை வகுத்தன. கச்சதீவு இலங்கைக்குரியதாயிற்று. 1976ஆம் ஆண்டுக் கடிதப் பரிமாற்றம், ஒரு நாட்டார் மற்றதன் கடலில் அனுமதியின்றி மீன்பிடித்தலை விலக்கிற்று. போரின்றி எல்லை கண்டமை போற்றத்தக்கதே. எனினும், வங்காலை மீனவர் சார்பிற் பேசப் பிரதேச அவை எதுவும் அன்று இருந்திலது. இன்று எல்லை கடக்கும் இழுவைப் படகுகள் கரையோர மீனவரின் வலைகளை அறுக்கின்றன. முறையீடோ கொழும்புக்கும் புதுடில்லிக்கும் செல்லவேண்டியுள்ளது.

பிரதேச சபை இருந்திருப்பின் இவ்விடர் நேர்ந்திராது என்பது மிகைக்கூற்று; வெளியுறவு மத்திய அரசுக்கே உரியது. ஆயினும், கடலை அறிந்தோரின் சொல் பேச்சுமேசையை எட்ட ஒரு வழி இருந்திருக்கும். உள்நாட்டில் முறிந்த வாக்கு கடலெல்லையிலும் தன் குறையைக் காட்டுகின்றது.