முதலில் ரத்தம், பிறகு கடப்பிதழ்

சித்தியவான், ஆயர் தாவார் பக்கம் ரப்பர் போய்ச் செம்பனை வந்து வெகுநாளாகிவிட்டது. நம் பாட்டிமார் குடியிருந்த லயங்களில் இப்போது இந்தோனேசியப் பெண்களும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி முழுகாமல் இருந்தால் அவளுக்கு ரத்தம் பார்ப்பது யார்?

மலேசியா இதில் பெயர் வாங்கிய நாடு. 1998 முதல் அரசு கிளினிக்குகளில் கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி. சோதனை நடக்கிறது. எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை ஒழித்ததற்காக 2018இல் உலகச் சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் அதைப் பெற்ற முதல் நாடு நாம்தான். அந்தப் பெருமை எனக்கும் உண்டு.

ஆனால் அரசு கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளியாக இருக்கும் பதிவுக் கட்டணம் வெளிநாட்டவருக்கு 40 வெள்ளி. ரத்தச் சோதனைக்குத் தனிக் கணக்கு. ஆவணமில்லாதவர் சிகிச்சைக்கு வந்தால் அதிகாரிகளுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்கிறது 2001ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை. பெர்மிட் உள்ளவளுக்கும் நிம்மதியில்லை. மருத்துவப் பரிசோதனையில் கர்ப்பம் தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். பிறகு எந்தப் பெண் கர்ப்பத்தின் முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் கிளினிக் வாசலை மிதிப்பாள்?

வரிப்பணம் நம்முடையது என்பவர்களின் வாதத்தை நான் தள்ளிவிடவில்லை. டவுன் சிண்ட்ரோம் கண்டறியும் விலை உயர்ந்த மரபணுச் சோதனைக்கு நம் பெண்களே தனியார் கிளினிக்கில் சொந்தப் பணத்தைக் கட்டுகிறார்கள். அதை இலவசமாகக் கேட்பது நியாயமில்லை. நான் பேசுவது ரத்தச்சோகை, ரத்த வகை, சர்க்கரை, எச்.ஐ.வி., சிபிலிஸ் இவற்றைப் பற்றி மட்டும். சிபிலிசை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்க நிலையென்றால் ஒரே ஒரு பென்சிலின் ஊசி போதும். ஆனால் அதைப் பிரசவத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னால் போட்டாக வேண்டும். பயந்து ஒளிந்திருந்தவள் வலி எடுத்த பிறகு ஓடிவந்தால், பிள்ளையைக் காக்க அந்த ஊசிக்கு நேரமில்லை. பிறகு அந்தக் குழந்தையை வார்டில் வைத்துப் பார்க்கும் செலவு சோதனைச் செலவைப்போல் பல மடங்கு. வரிப்பணக் கணக்கே அவளுக்குச் சாதகமாகத்தான் நிற்கிறது.

நம் பாட்டிமாரும் வந்தேறிப் பெண்கள்தாம். மலேரியா கண்ட தோட்டங்களில் பிறப்பு குறைவதை, அன்றைய மலாயாவில் மலேரியாவை எதிர்த்துப் போராடிய டாக்டர் மால்கம் வாட்சன் அன்றே எழுதி வைத்தார். அவர் காய்ச்சல்காரர்களின் ரத்தத்தைப் பார்த்தார், குடியுரிமையைப் பார்க்கவில்லை.

என் முடிவு இதுதான்: இந்த ஐந்து அடிப்படைச் சோதனைகளுக்கும் யாரிடமும் கட்டணம் வாங்கக் கூடாது, கர்ப்பிணிகளைப் பொறுத்தவரை 2001 சுற்றறிக்கையை விலக்க வேண்டும். பிரசவச் செலவைப் பற்றித் தனியாக வாதிடலாம்.