தண்ணீர் தெரியுது, கண்மாய் தெரியல

நீர்நிலை ஆய்வு தொடங்குற மாணவர்கள் பலருக்கு முதலில் கைக்குக் கிடைப்பது 'உலக மேற்பரப்பு நீர்' வரைபடம். ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆராய்ச்சி மையம் உருவாக்கியது. பெக்கலும் குழுவினரும் 2016 டிசம்பரில் நேச்சர் இதழில் இதை வெளியிட்டாங்க. 1984 முதல் 2015 வரை லேண்ட்சாட் எடுத்த சுமார் 30 லட்சம் படங்களை வைத்து, பூமியில் எங்கே, எந்த மாதம் தண்ணீர் நின்றது என்று கணக்கிட்டிருக்காங்க. இலவசம் வேற. இதன் பெருமையை நான் குறைச்சுப் பேசல. ஆனா காரைக்குடிப் பக்கத்துக் கண்மாய், ஊருணிகளுக்கு இதை அப்படியே எடுத்துப் போடலாமா என்பதுதான் கேள்வி.

முதலில் அளவு. ஒரு கட்டம் 30 மீட்டருக்கு 30 மீட்டர். 60 மீட்டர் சதுர ஊருணி ஒன்றை எடுத்துக்குங்க. கட்டங்களோடு கச்சிதமாகப் பொருந்தினால் நாலு கட்டம். கொஞ்சம் நகர்ந்து விழுந்தால் முழுக்கத் தண்ணீராக இருப்பது ஒரே ஒரு கட்டம். சுற்றியுள்ளவற்றில் படித்துறையும் கரையும் மண்ணும் கலந்துடும்.

அடுத்து மழை. நம்ம கண்மாய்கள் நிறைவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மேகம் மூடுவதும் அப்போதான். ஒரு லேண்ட்சாட் அதே இடத்துக்குத் திரும்ப 16 நாள் ஆகும். வரும் நாளில் மேகம் இருந்தால் போச்சு. வரைபடம் இதை மறைக்கல: மாதவாரி அடுக்கில் 0 என்றால் தரவு இல்லை, 1 என்றால் தண்ணீர் இல்லை, 2 என்றால் தண்ணீர். 0-வையும் 1-ஐயும் ஒன்றாகச் சேர்த்து 'வறண்டது' என்று வண்ணம் பூசினால் தப்பு நம்முடையது.

மூணாவது சீமைக்கருவேலம். தண்ணீர் அகச்சிவப்பு ஒளியை விழுங்கிடும். இலை அதைத் திருப்பி அனுப்பும். உள்வாய் முழுக்கக் கருவேலம் மண்டிக் கிடந்தால், அடியில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றாலும் மேலிருந்து தெரிவது இலைதான். அதே இடத்தைத் தாவரக் குறியீட்டில் போட்டால் 'பசுமை கூடியிருக்கு' என்று நல்ல செய்தி மாதிரி வரும்! கண்மாய் கெட்டுப்போனதன் அடையாளமே அந்தப் பசுமைதான்.

மூணையும் சேர்த்துப் பார்த்தால் விஷயம் இதுதான்: வரைபடம் பார்ப்பது தண்ணீரை. கண்மாய் என்பது கரை, மடை, கலுங்கு, வரத்துக்கால், ஆயக்கட்டு எல்லாம் சேர்ந்தது. பத்து வருஷம் வறண்டு கிடந்தாலும் அது கண்மாய்தான். இந்த வித்தியாசத்தை விட்டுட்டு ஒரு அறிக்கையில் 'இங்கே நீர்நிலை இல்லை' என்று எழுதிட்டா, நாளைக்கு அங்கே மனை போட நினைக்கிறவருக்கு அதுவே சாட்சியாகிடும்.

அதனால என்ன செய்யலாம்? 10 மீட்டர் தெளிவுள்ள சென்டினல்-2 படங்களைச் சேர்த்துக்குங்க. மழை மாதங்களுக்கு மேகத்தை ஊடுருவும் சென்டினல்-1 ரேடார் உதவும். ஆனா அடர்ந்த கருவேலத்துக்கு அடியில் அதுவும் தடுமாறும். எல்லாத்துக்கும் முன்னாடி, கிராமக் கணக்கில் அ-பதிவேட்டையும் புலப்படத்தையும் எடுத்து, கண்மாய், ஊருணி என்று பதிவான ஒவ்வொரு சர்வே எண்ணின் எல்லையையும் வரைஞ்சுக்குங்க. அந்த எல்லைக்குள் செயற்கைக்கோள் என்ன காட்டுது என்று பிறகு பாருங்க. தண்ணீர் தெரியாத இடங்களைப் பட்டியலிலிருந்து நீக்காதீங்க. நேரில் போய்ப் பார்க்க வேண்டிய முதல் இடங்கள் அவைதான்.