ஒரு சொல்லும் 645 பொருளும்

ஆங்கிலத்தில் ஆக அதிகமான பொருள் தரும் சொல் எது என்று கேட்டால், நீண்ட அருஞ்சொல் ஒன்றையே பலரும் எதிர்பார்ப்பர். விடையோ ஆறாம் ஆண்டு மாணவனும் அறிந்த 'ரன்'. ஒக்ஸ்போட் ஆங்கில அகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் 'செட்' என்ற சொல்லே 430 பொருள்களுடன் முன்னின்றது. அடுத்த பதிப்புக்கான திருத்த வேலையின்போது, 2011 அளவில், 'ரன்' என்ற வினைச்சொல் 645 பொருள்களுடன் அதனை முந்திவிட்டது. அந்த ஒரு சொல்லை ஒழுங்கு செய்ய அகராதியாளர் பீட்டர் கில்லிவருக்கு ஒன்பது மாதங்கள் சென்றன.

கிராமப் பாடசாலையொன்றில் படிப்பிப்பவன் என்ற வகையில் இதை வெறும் வியப்புச் செய்தியாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. பலஸ்தீன, ஆபிரிக்க இலக்கியங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகவே நம்மை வந்தடைந்தன. ஆகவே, ஆங்கிலச் சொல்லொன்றின் பொருள் நமது மொழிபெயர்ப்புகளோடு நேரடியாகத் தொடர்புபட்ட விடயமாகும்.

நமது 'ஓடு' என்பதும் இலேசான சொல்லல்ல. ஆறு ஓடுகிறது, இயந்திரம் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது. இவ்விடங்களில் இரு மொழிகளும் ஒத்துப்போகின்றன. கிரிக்கெட்டிலும் அப்படித்தான். பந்து எல்லைக்கோட்டைத் தாண்டினால் எவரும் ஓடாமலே நான்கு ஓட்டங்கள் கிடைக்கின்றன! ஆனால், துணியின் சாயம் ஆங்கிலத்தில் ஓடும். நமக்கு அது போகும். சீனி அங்கே ஓடித் தீரும். நமது குசினியில் முடிந்துவிடும். தேர்தலுக்கு அமெரிக்கர் ஓடுவர், பிரித்தானியர் நிற்பர். நமது ஊர்களில் 'எலக்சன் கேட்பர்'.

கடை விடயம் இன்னும் நுட்பமானது. ஆங்கிலம் கடையை ஓடச் செய்கிறது, நாம் நடத்துகிறோம். 'கடை நடத்துகிறேன்' என்பது சாதாரணக் கூற்று. 'கடையை ஒருமாதிரி ஓட்டிக்கொண்டு போறேன்' என்று ஒருவர் சொன்னால் அதில் கடனும் கஷ்டமும் தெரியும். ஆங்கிலக் கதையொன்றின் பாத்திரம் கடை 'ரன்' பண்ணுவதை 'ஓட்டினான்' என்று எழுதும் மொழிபெயர்ப்பாளர், மூலத்தில் இல்லாத வறுமையை அவன் தலையில் கட்டிவிடுகிறார். வங்கியில் 'ரன்' ஏற்பட்டதை 'வங்கியில் ஓட்டம்' என்று எழுதினாலோ, வைப்புப் பணத்தை மீளப்பெற மக்கள் முண்டியடித்த பீதி முழுவதும் காணாமற் போகிறது.

இதற்கு மொழிபெயர்ப்பாளரை மட்டும் குறைகூறுவது நியாயமன்று. மாணவர் கைகளில் உள்ள சிறு ஆங்கில-தமிழ் அகராதிகள் பல, 'ஓடு, ஓட்டம், நடத்து, இயங்கு' என அடுக்கிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகின்றன. எது எங்கே பொருந்தும் என்று காட்ட ஒரு வாக்கியம்கூட இல்லை. ஒக்ஸ்போட் அகராதியை உருவாக்கிய ஜேம்ஸ் மறே பாடசாலை ஆசிரியராக இருந்தவர். வாசகர்கள் நூல்களிலிருந்து பிரதிசெய்து அனுப்பிய வாக்கியச் சீட்டுகளை அடுக்கியே அவர் பொருள்களைப் பிரித்தார். முதற் பகுதி 1884இல் வெளிவந்தது. 1915இல் அவர் காலமானார். வேலை 1928இல்தான் முடிந்தது. தமிழில் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992இல் எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு வந்தது. 2008ஆம் ஆண்டுப் பதிப்பில் இலங்கை வழக்குகளும் இடம்பெற்றன. இதே முறையில், நமது வழக்கையும் தழுவி, மாணவருக்கான ஆங்கில-தமிழ் அகராதியொன்று தேவை என்பதே எனது அபிப்பிராயம்.

அதுவரை, மொழிபெயர்க்கும் இளையவர்களிடம் ஒரு வேண்டுகோள். எழுதியதை ஆங்கிலம் அறியாத ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். உம்மாவோ, பக்கத்துக் கடை நானாவோ 'இப்படி யார் கதைக்கிற?' என்று கேட்டால், அந்த வாக்கியத்தைத் திரும்ப எழுதுங்கள்.